ஃபிரிட்ஜ் ஓடலைன்னா முதல்ல நாமே என்ன பார்க்கலாம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)

 

இன்றைக்குச் சேமிப்பு, வட்டி, தவணை பற்றிப் பேசப் போவதில்லை. ஆனால் பேசப் போகிறது கடனைப் பற்றியும்தான். நம்ம குழுக்களில் “வீட்டு உபயோகப் பொருள்” என்று எழுதிக் கேட்கிற கடன் மனுக்களைப் பார்த்தால், “ஃபிரிட்ஜ் போயிடுச்சு, புதுசு வாங்கணும்” என்பது அடிக்கடி வருகிறது. கேட்கிறவர்கள் வசதிக்காகக் கேட்கவில்லை. ஒருத்தர் இட்லி மாவு அரைத்து விற்கிறார். ஒருத்தர் விற்றது போக மிச்சமான மீனை மறுநாள் காலை வரைக்கும் வைக்கணும். ஒருத்தர் வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் ஊசி மருந்து உள்ளே இருக்கு. இவர்களுக்கு ஃபிரிட்ஜ் நின்றால் அன்றைக்கே நஷ்டம். அதனால்தான் அவசரப்பட்டுக் கடன் கேட்கிறார்கள். அந்த அவசரத்தில் கொஞ்சம் நிதானம் வேணும் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

எர்ணாவூரில் மாவு விற்கிற ஓர் உறுப்பினர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டே இருக்கு, ஆனால் மாவு புளிச்சுப் போகுது. பார்க்க வந்தவர் கம்ப்ரசர் போச்சு என்று சொல்லிவிட்டார். அந்த அக்கா கடன் மனுவோடு வந்தார். நாங்கள் நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். ஒரே அறை வீடு, ஃபிரிட்ஜைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருந்தார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இழுத்துப் பார்த்தால், பின்பக்கக் கம்பி வலை முழுக்கப் போர்வை மாதிரி தூசி! கதவு ரப்பர் கீழ்ப்பக்கம் விண்டு போயிருந்தது. தூசியைத் துடைத்து, ரப்பரை மாற்றி, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். மறுநாள் மாவு ஜில்லென்று இருந்தது. அந்தக் கடன் மனுவை அவரே திருப்பி வாங்கிக்கொண்டார்.

எல்லா ஃபிரிட்ஜும் இப்படித் துடைத்தாலே சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சில நேரம் கம்ப்ரசர் நிஜமாகவே போயிருக்கும். ஆனால் அது தெரிவதற்கு முன்னால் நாமே பார்க்க வேண்டியது நிறைய இருக்கு.

ஃபிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். அது குளிரை உண்டாக்கி உள்ளே ஊதுவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது. கீழே கறுப்பாகக் குண்டாக இருக்கே, அதுதான் கம்ப்ரசர். அது ஒரு வாயுவை அழுத்திக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. உள்ளே சூட்டை வாங்கிக்கொண்ட அந்த வாயு, பின்னால் இருக்கிற கம்பி வலைக்கு வந்து சூட்டை விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போகிறது. அதனால்தான் பின்பக்கம் சூடாக இருக்கு. அங்கே காற்று ஓடணும். தூசி மூடிக்கொண்டால் சூடு வெளியே போகாது, கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், கடைசியில் கம்ப்ரசரே போகும். புது மாடல் சிலதில் பின்னால் வலை தெரியாது. குழாயைப் பக்கச் சுவருக்குள் வைத்திருப்பார்கள். அதில் இரண்டு பக்கமும் கை வைத்தால் சூடு தெரியும். அது கோளாறு இல்லை. பக்கத்தில் பீரோவை ஒட்டி வைக்காமல் இருந்தால் போதும்.

நம்ம பகுதிக்கு இது ரொம்ப முக்கியம். ஒரு பக்கம் கடலில் இருந்து உப்புக் காற்று. இன்னொரு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், கன்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதி. உப்பும் தூசியும் ஈரத்தோடு சேர்ந்து ஒட்டினால் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இடத்தில் ஊசித் துளை விழுந்தால் வாயு போய்விடும். வேற ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதும் என்பார்கள். எண்ணூர்க்காரர்கள் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை துடைக்கணும் என்பது என் கருத்து. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டிவிட்டு, காய்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்.

அடுத்தது கதவு ரப்பர். பத்து ரூபாய் நோட்டை எடுத்து, பாதி உள்ளே பாதி வெளியே இருக்கிற மாதிரி வைத்துக் கதவைச் சாத்துங்கள். இழுத்தால் இறுக்கமாக வரணும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. இப்படிச் சுற்றிலும் பாருங்கள். பல நேரம் ரப்பர் மடிப்பில் மாவும் மீன் தண்ணீரும் காய்ந்து ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்துத் துடைத்தாலே மறுபடி ஒட்டும். ரப்பர் வளைந்திருந்தால், சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்து, இளகினதும் கையால் நேராக்கலாம். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேணும். நிறைய மாடலில் அது பள்ளத்தில் செருகியதுதான். கையாலேயே உருவி புதுசை அழுத்திவிடலாம். கம்பெனிப் பெயரும் மாடல் நம்பரும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். வெறும் அளவை மட்டும் சொன்னால் பொருந்தாததைக் கொடுத்துவிடுவார்கள்.

காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர் தேங்குது என்று நிறைய பேர் சொல்கிறீர்கள். உள்ளே பின்சுவரில் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஐஸ் உருகிய தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே போகணும். கொத்தமல்லித் தழை, வெங்காயத் தோல் போய் அடைத்துக்கொள்ளும். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துப் பீய்ச்சினால் போய்விடும். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே குழாய் கிழியும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே ஒரு தட்டு இருக்கே, அங்கே. அதை எத்தனை பேர் கழுவியிருக்கிறீர்கள்? டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும். வீடு வீடாக வருகிற மலேரியா பணியாளர்கள் டார்ச் அடித்துப் பார்க்கிற இடத்தில் இந்தத் தட்டும் ஒன்று. வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவணும். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் தேய்ப்பதுதான் முக்கியம்.

இப்போது ஐஸ் பற்றி. ஃப்ரீசரில் அரை விரல் தடிமனுக்கு ஐஸ் ஏறினால் எடுத்துவிட வேணும். ஐஸ் தடித்தால் அதுவே கம்பளி மாதிரி குளிரை மறைத்துவிடும். நடுவில் சின்ன பட்டன் இருந்தால் அமுக்குங்கள்; இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வையுங்கள், தானாக உருகும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வைத்துக் குத்தவே கூடாது. ஃப்ரீசர் சுவருக்குள்ளேதான் வாயு ஓடுகிற குழாய் இருக்கு. மீன் பொட்டலம் ஒட்டிக்கொண்டது என்று ஒரு குத்து குத்தினால் அதோடு ஃபிரிட்ஜுக்கு ஆயிரக்கணக்கில் செலவு.

செலவு மட்டுமில்லை, ஆபத்தும் உண்டு. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் கடலுக்கடியில் போகிற குழாயில் இருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்தில் எழுந்து ஓடியதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு “ஃபிரிட்ஜிலும் அந்த கேஸ்தானா?” என்று சிலர் கேட்டார்கள். இல்லை. அம்மோனியா பெரிய ஐஸ் ஃபேக்டரிகளில் பயன்படுத்துவது. வீட்டு ஃபிரிட்ஜில் முன்காலத்தில் ஆர்-12 என்ற வாயு இருந்தது. அது வானத்தில் ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987-இல் மான்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் போட்டு, நம்ம மாதிரி நாடுகளில் 2010-க்குள் அதை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக ஆர்-134ஏ வந்தது. இப்போது வருகிற பெரும்பாலானதில் ஆர்-600ஏ. அது நம்ம சமையல் சிலிண்டர் கேஸுக்கு உறவுக்காரன், தீப்பிடிக்கும். உள்ளே இருப்பது சில பத்து கிராம்தான், பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் ஐஸைக் குத்தும்போது “உஸ்” என்று சத்தம் வந்தால், அடுப்பை அணைத்து, எந்த சுவிட்சையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். எந்த வாயு என்பது கம்ப்ரசர் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும்.

ஃபிரிட்ஜ் ஓடவே இல்லை என்றால்? அதே பாயின்ட்டில் மொபைல் சார்ஜரைச் செருகிக் கரண்ட் வருதா பாருங்கள். உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகு பூஜ்யத்தில் இருக்கா பாருங்கள். சின்னப் பிள்ளைகள் திருகிவிடுவார்கள். லைட் எரியுது, ஆனால் கம்ப்ரசர் சில நிமிஷத்துக்கு ஒருமுறை “டிக்” என்று அடித்து அடங்குது என்றால், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், இல்லாவிட்டால் ரிலே என்கிற சின்ன பாகம் போயிருக்கலாம். சாயங்காலத்தில் ட்யூப்லைட் மினுக்குகிற வீடுகளுக்கு ஸ்டெபிலைசர் வேணும். கரண்ட் போய் வந்தால் உடனே போடாமல் ஐந்து நிமிஷம் விட்டுப் போடுங்கள். லைட் மட்டும் எரியவில்லை என்றால் பல்பு. அதற்கு மெக்கானிக் எதற்கு? கதவு சாத்தினதும் லைட் அணையுதா என்று தெரிய, மொபைலில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்துச் சாத்தி எடுத்துப் பாருங்கள். அணையாமல் இருந்தால் அந்தச் சூடே உள்ளே இருக்கிற குளிரைத் தின்னும். கடகடவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் தரை சமமாக இல்லை. முன்காலைத் திருகிச் சரி செய்தால் போதும்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். ஃபிரிட்ஜைத் தொட்டால் “சுர்ரு”ங்குது, பழகிப் போச்சு என்று சிரித்துக்கொண்டே சொல்கிறீர்களே, அது பழகிக்கொள்ளும் விஷயமா? இரண்டு ஓட்டை பாயின்ட்டில் செருகுவதற்காக மூணாவது பின்னை வெட்டிவிடுகிறார்கள். அந்த மூணாவதுதான் எர்த், உயிரைக் காப்பாற்றுவது அதுதான். ஷாக் அடித்தால் மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எலக்ட்ரீஷியன் வந்து எர்த் பார்க்கிற வரைக்கும் போடாதீர்கள். மீட்டர் பலகையில் ஆர்.சி.சி.பி. என்கிற கருவி பொருத்தினால், கசிவு வந்த அந்த நொடியே கரண்டை நிறுத்திவிடும். கடன் வாங்குவதாக இருந்தால் இதற்கு வாங்குங்கள், நான் சிபாரிசு செய்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது எண்ணூர்ப் பக்கம் வீட்டுக்குள் எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது. தண்ணீர் வடிந்ததும் ஃபிரிட்ஜ் ஓடுதா பார்க்கலாம் என்று பிளக் போடுவது ரொம்பத் தப்பு. கம்ப்ரசரும் ரிலேயும் அடியில்தான் இருக்கு, முதலில் நனைவது அதுதான். நனைந்த ஃபிரிட்ஜைக் காயவைத்து, மெக்கானிக் சோதித்த பிறகே போடணும். ஐப்பசி பிறக்கும் முன்னாலேயே உறுதியான இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி வைத்துவிடுங்கள்.

கடைசியாக மெக்கானிக். கம்ப்ரசர், வாயு, வயரிங் இந்த மூணிலும் நாம் கை வைக்கக் கூடாது. ஆனால் கேள்வி கேட்கலாம். “கேஸ் போயிடுச்சு, நிரப்பணும்” என்றால், “எங்கே லீக்? காட்டுங்க” என்று கேளுங்கள். வண்டி பெட்ரோல் மாதிரி இந்த வாயு தீர்ந்து போகிற பொருள் இல்லை. குறைந்தால் ஓட்டை இருக்கு என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் கொஞ்ச நாளில் மறுபடி போகும், மறுபடி அதே பணம். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ரசீதும், எத்தனை மாசம் கேரண்டி என்பதும் எழுத்தில் வேணும். வாரண்டி இருக்கிற ஃபிரிட்ஜுக்குக் கம்பெனி சர்வீஸ் இழுத்தடித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

எதுவும் முடியாமல் பழைய ஃபிரிட்ஜை மாடிப்படியிலோ சந்திலோ வைக்கிறவர்கள், அன்றைக்கே கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளிஞ்சு விளையாடுகிற பிள்ளை உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால், பழைய மாடல் சிலது உள்ளே இருந்து திறக்காது. நாலு ஸ்க்ரூதான், பத்து நிமிஷ வேலை.