நடுவில் ஒரு குழந்தை
(கலைக்கல்விப் பயிற்சியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பள்ளிகளிலிருந்து மாணவர்களை ஒரே நாளில் அழைத்துச் சென்று திரும்பக்கூடிய தொலைவில்தான் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. திருச்சுற்றை ஒட்டி வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களைப் பலரும் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து உள்ளே பாருங்கள். மணற்கல் சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசித் தீட்டிய ஓவியங்களின் மிச்சம் தெரியும். பிற்காலப் பூச்சுகளுக்கு அடியில் மறைந்து கிடந்த இவற்றை 1931இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் கண்டறிந்தார்.

அவற்றுள் ஒன்று சோமாஸ்கந்தர். உமையோடும் கந்தனோடும் கூடியவர் என்பது பெயரின் பொருள். பெயரிலேயே படத்தின் அமைப்பு இருக்கிறது: இருபுறமும் பெற்றோர், நடுவில் பிள்ளை. வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது, கோடுகள் நிற்கின்றன. வகுப்புக்கு அது ஒரு வசதி என்றே சொல்வேன். பளபளப்பான நாட்காட்டிப் படத்தில் நகையைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள். இங்கே கோட்டைப் பின்தொடர்ந்தால்தான் உருவம் கிடைக்கும்.

இராஜசிம்மன் கோயில்களில் இலிங்கத்துக்குப் பின்னுள்ள கருவறைச் சுவரிலும் இதே காட்சி புடைப்புச் சிற்பமாக வரும். அரசன், அரசி, இளவரசன் என்ற குறிப்பும் இதில் உண்டு என்பர் அறிஞர் சிலர். அப்படியானால் நடுவிலிருக்கும் குழந்தைதான் நாட்டின் நாளை. தேவாலயங்களில் உள்ள திருக்குடும்பப் படங்களையும் அருகில் வைத்துக் காட்டலாம்; குழந்தையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளே ஒப்பிடுவார்கள்.

சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பலவற்றில் கந்தன் இப்போது இல்லை. பீடத்தின் நடுவே இடைவெளி மட்டும் இருக்கும். நம் கண் முதலில் அங்கேதான் போகிறது!

பாடம் நடத்தும்போது ஒரு கவனம் தேவை. ‘உங்கள் குடும்பத்தை இப்படி வரையுங்கள்’ என்று சொல்லிவிட வேண்டாம். அப்பா இரவு ஷிப்ட், அம்மா பகல் ஷிப்ட் என்று இருக்கும் வீடுகளிலிருந்து நம்மிடம் பிள்ளைகள் வருகிறார்கள். பெற்றோர் வேறு மாநிலத்தில் இருக்க, உறவினரோடு தங்கிப் படிப்பவர்களும் உண்டு. ‘மூன்று பேர், மிகச் சிறியவர்மீது கண் முதலில் போகவேண்டும், எப்படி அமைப்பாய்?’ என்று கேளுங்கள். அந்த மூவர் யார் யார் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பாட்டி வரலாம், அக்கா வரலாம். ஏன் என்று கேட்காமல் கோட்டை மட்டும் பாருங்கள்.