ஒரு பூலியன், எட்டு பைட்: போஸ்ட்கிரெஸ் 17.1-ல் என்ன ஆச்சு?

டேட்டாபேஸுக்கு மைனர் அப்டேட் வந்திருக்குன்னா நாம பெருசா யோசிக்க மாட்டோம். 17.0-ல இருந்து 17.1 தானே, போட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணா முடிஞ்சுது. போஸ்ட்கிரெஸ் தர்ற வாக்கும் அதுதான். ஒரு மேஜர் வெர்ஷனுக்குள்ள புது வசதி எதுவும் வராது, பிழைத் திருத்தம் மட்டும்தான் வரும். 2024 நவம்பர்ல ஒரு வாரம் அந்த வாக்கு ஆட்டம் கண்டுச்சு.

நவம்பர் 14 அன்னைக்கு 17.1, 16.5, 15.9, 14.14 எல்லாம் ஒண்ணா வெளிவந்தது. நாலு செக்யூரிட்டி ஓட்டைகளை அடைச்சிருந்தாங்க. கூடவே ஒரு முக்கியமான ஃபிக்ஸ். சிஸ்டம் கேட்டலாக்ல சில தகவல்களை போஸ்ட்கிரெஸ் இருந்த இடத்துலயே மாத்தி எழுதும். அதே நேரத்துல இன்னொரு அப்டேட் வந்து மோதினா அந்த மாற்றம் சத்தமில்லாம தொலைஞ்சுபோக வாய்ப்பு இருந்தது. இப்படி ஒரு பக்கை பழைய வெர்ஷன்கள்லயும் சரிபண்ணித்தான் ஆகணும். அதுக்காக ரிசல்ட்ரெல்இன்ஃபோ என்ற ஸ்ட்ரக்ட்ல ஒரே ஒரு பூலியன் ஃபீல்டு சேர்த்தாங்க.

ஸ்ட்ரக்டோட கடைசியில சேர்த்தாங்க. இது அவங்க வழக்கமா செய்யறதுதான். நடுவுல செருகினா மத்த ஃபீல்டெல்லாம் நகர்ந்துடும், கடைசியில வெச்சா பழசு எதுவும் அசையாது. ஆனா 64 பிட் மெஷின்ல ஒரு பைட் கூடினா அலைன்மென்டுக்காக எட்டு பைட் கூடும். 376 பைட்டா இருந்தது 384 ஆச்சு.

எட்டு பைட்ல என்ன வந்துடப்போகுது? ஊருக்கு வெளியில போடற பிளாட் லே-அவுட்டை யோசிங்க. ஒவ்வொரு பிளாட்டும் 376 அடின்னு பழைய மேப் சொல்லுது. ஆனா தரையில கல் நட்டவர் 384-ன்னு அளந்துட்டார். முதல் பிளாட்டுக்கு பிரச்சினையே இல்ல. ரெண்டாவது பிளாட்டைத் தேடிப் போறவர் முதல் வீட்டுக்காரர் காம்பவுண்டுக்குள்ள நிப்பார்.

இந்த ஸ்ட்ரக்டும் சில இடங்கள்ல வரிசையா, அதாவது அர்ரேவா இருக்கும். எக்ஸ்டென்ஷன்கள் அந்த வரிசையில எண்ணிப் போய்த்தான் தங்களுக்கு வேண்டியதை எடுக்கும். பழைய சைஸை வெச்சு கம்பைல் ஆன எக்ஸ்டென்ஷன், புது சர்வர்ல ஓடினா தப்பான இடத்துல படிக்கும். டைம்ஸ்கேல்டிபி இதுல மாட்டிக்கிச்சு. இந்த மைனர் வெர்ஷன்களைப் பயன்படுத்த வேண்டாம்னு அவங்களே ரிலீஸ் நோட்ஸ்ல எழுதவேண்டி வந்தது.

இதைத்தான் பைனரி இன்டர்ஃபேஸ் உடையறதுன்னு சொல்றோம். சுருக்கி ஏபிஐ-ன்னு தமிழ்ல எழுதினா நமக்கு நல்லாத் தெரிஞ்ச அந்த இன்னொரு ஏபிஐ மாதிரியே இருக்கும், அதனால பைனரின்னே வெச்சுக்கறேன். இதுல கோடு மாறல. அதே எக்ஸ்டென்ஷனை மறுபடி கம்பைல் பண்ணா ஓடும். ஆனா மைனர் அப்டேட்டுக்கு யார் எக்ஸ்டென்ஷனை மறுபடி கம்பைல் பண்றாங்க? பண்ணத் தேவையில்லைன்னு நம்பித்தானே பேக்கேஜ் எல்லாம் விநியோகம் ஆகுது.

‘அது உள்விவகாரம், எக்ஸ்டென்ஷன்காரர் ஏன் தொட்டார்?’-ன்னு சிலர் கேக்கலாம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. உள்ள கைவெச்சு நீட்டிக்க முடியும் என்பதுதான் போஸ்ட்கிரெஸோட பெரிய பலமே. அதைச் சொல்லி ஆளைக் கூப்பிட்டா, ஸ்ட்ரக்டோட சைஸும் வாக்குல சேர்ந்ததுதான்.

அவங்களும் அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க. அடுத்த ரெகுலர் ரிலீஸ் பிப்ரவரியில. அதுவரை காத்திருக்காம நவம்பர் 21-லயே 17.2 வந்துடுச்சு. திருத்தம் ரொம்ப சின்னது. அந்த ஸ்ட்ரக்ட்ல ஏற்கெனவே பேடிங்கா ஒரு காலி இடம் கிடந்தது, பூலியனை அங்க நகர்த்தினாங்க. சைஸ் பழையபடி 376. பக் ஃபிக்ஸும் அப்படியே இருக்கு.

அதே 17.2-ல இன்னொண்ணும் சரியாச்சு. ஒரு செக்யூரிட்டி திருத்தத்தால ஆல்டர் ரோல் கமாண்ட்ல செட் பண்ற ரோல் வேலை செய்யாம போயிருந்தது.

இதைக் கேட்டுட்டு மைனர் அப்டேட்டே வேண்டாம்னு உட்கார்ந்துடாதீங்க, செக்யூரிட்டி ஓட்டை திறந்தே கிடக்கும். டாக்கர்ல வெறும் 17-ன்னு டேக் போட்டிருந்தா, அடுத்த தடவை புல் பண்றப்போ புது மைனர் தானா வந்து இறங்கும். அதனால முழு நம்பரைப் போடுங்க. பிஜி எக்ஸ்டென்ஷன் கேட்டலாக்ல ஒரு செலக்ட் ஓட்டி என்னென்ன இருக்குன்னு பாருங்க. சி-ல எழுதினது இருந்தா, ப்ரொடக்ஷனுக்கு முன்னாடி ஸ்டேஜிங்ல அதே பேக்கேஜோட ஒருநாள் ஓடட்டும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.