சாவி கைக்கு வந்துவிட்டால் காடி நமதாகிவிடுமா?

இன்றைய அரங்கத்தில் எனக்கு முன்பு பேசியவர்கள், பழைய காடியை எப்படிப் பார்த்து வாங்குவது, இயந்திரத்தின் சத்தத்தை வைத்து அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது, வங்கி எவ்வளவு கடன் கொடுக்கும் என்பதையெல்லாம் விளக்கிவிட்டார்கள். எனக்கு இயந்திரம் தெரியாது. நான் படித்தது மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா. ஆகவே, விலை பேசி முடித்த நேரத்திலிருந்து அந்தக் காடி நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் வரை உள்ள அந்த ஒரே ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பலரும் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. பணம் கொடுத்தோம், சாவி வாங்கினோம், ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்று முடித்துவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கிள்ளானில் இருக்கும் ஒரு தம்பி, சுங்கை சிப்புட்டில் ஒருவர் மைவி காடி விற்கிறார் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பரோடு போகிறார். காடி பிடித்துவிட்டது. பணமும் கைமாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, மூடியிருக்கிறது. விற்கிறவர் நல்ல மனிதர். "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. ரோட் டெக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் இன்னும் எட்டு மாசம் இருக்கு. அடுத்த வாரம் வந்து பேரு மாத்திக்கலாம்" என்கிறார். தம்பியும் சந்தோஷமாக நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்தத் தம்பி கிள்ளான் வந்து சேரும் வரை எந்தக் காப்புறுதியை நம்பி ஓட்டுகிறார்? அந்தக் காப்புறுதிப் பத்திரம் காடியோடு ஒட்டிக்கொண்டு வருகிற பொருள் அல்ல. அது காப்புறுதி நிறுவனத்துக்கும் பழைய உரிமையாளருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். காடியை விற்றுப் பணம் வாங்கிய பிறகு, அந்தக் காடிக்கு ஒன்று நேர்ந்தால் அவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. நஷ்டமே இல்லாதவருக்குக் காப்புறுதி எதற்கு என்றுதான் நிறுவனம் கேட்கும். எட்டு மாதம் பாக்கி இருக்கிறது என்பது தாளில்தான். விபத்து என்று வந்துவிட்டால் கேட்கப்படும் முதல் கேள்வியே, "அந்த நேரத்தில் இந்தக் காடி யாருடையது?" என்பதுதான். தஞ்சோங் மாலிம் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரரை மோதிவிட்டால், மைவியின் விலையைப் போலப் பல மடங்கு இழப்பீட்டுக்கு அந்தத் தம்பி சொந்தப் பையில் கைவைக்க வேண்டிய நிலை வரலாம். காப்புறுதி இல்லாமல் காடி ஓட்டுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி தனியொரு குற்றமும்கூட. ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் தகுதியையே அது பறித்துவிடலாம்.

"சட்டத்தில் ஏழு நாள் அவகாசம் இருக்கிறதே அக்கா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, காடி கைமாறினால் ஏழு நாட்களுக்குள் பதிவை மாற்ற வேண்டும், விற்றவரும் அந்த ஏழு நாட்களுக்குள் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்த ஏழு நாள் பதிவுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட தவணை. காப்புறுதிக்கு ஏழு நாளும் இல்லை, ஏழு நிமிடமும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் நம்மவர்களிடம் நான் அடிக்கடி காணும் குழப்பம்.

அப்படியானால் எப்படித்தான் வாங்குவது? முறை ஒன்றும் கடினமில்லை. வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான். சாவியும் முழுப் பணமும் கடைசியில்தான் கைமாற வேண்டும்.

முதலில், பணம் கொடுப்பதற்கு முன்பே காடியின் மேல் என்ன கட்டு இருக்கிறது என்று பாருங்கள். வங்கிக் கடன் முடிந்திருக்கிறதா? முடிந்திருந்தாலும், வங்கியின் உரிமைக் கோரிக்கை இலாகாவின் பதிவிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா? போலீஸ் சம்மன், ஜேபிஜே சம்மன் பாக்கி இருக்கிறதா? கருப்புப் பட்டியலில் இருந்தால் பெயர் மாறாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விற்கிறவர் மட்டுமல்ல, வாங்குகிற நாமும் கருப்புப் பட்டியலில் இருக்கக்கூடாது. நம்முடைய பழைய சம்மனை மறந்துவிட்டு, அடுத்தவர் காடியில் குறை தேடிக்கொண்டிருப்போம்!

அடுத்தது பரிசோதனை. பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையை பி5 என்பார்கள். வங்கிக் கடனில் வாங்கினால் பி7 என்ற பரிசோதனையும் சேர்ந்துகொள்ளும். பல ஆண்டுகளாக இதற்குப் புஸ்பகோம் ஒன்றுதான் வழி. 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு அந்தத் தனியுரிமை முடிந்து, மற்ற நிறுவனங்களும் இத்துறைக்கு வர வழி திறந்தது. எங்கே செய்தாலும், பி5-இல் முக்கியமாகப் பார்ப்பது காடியின் அடையாளத்தைத்தான். சேசிஸ் எண், இயந்திர எண் இரண்டும் பதிவில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். திருட்டுக் காடிக்கு வேறொரு காடியின் எண்ணைப் போட்டு விற்கும் வேலை நம் நாட்டில் புதிதல்லவே. கண்ணாடியில் ஒட்டும் கருப்புத் தாளும் பரிசோதனையில் அடிபடும். 2019 மே மாதம் வந்த விதிப்படி, முன் கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு. பின்பக்கத்துக்கு வரம்பு இல்லை. "தாளைப் பிறகு எடுத்துக்கலாம்" என்று விற்கிறவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பரிசோதனையில் தேறவில்லை என்றால் பெயர் மாற்றமும் அன்று நடக்காது.

இந்தப் பரிசோதனைக்குக் காடியை யார் ஓட்டிச் செல்வது? உரிமையாளரே ஓட்டுவதுதான் பாதுகாப்பு. அதுவரைக்கும் காடி அவருடையது, காப்புறுதியும் அவருடையது. நீங்கள் ஓட்டிப் பார்க்க விரும்பினால், விற்பனை முடிவதற்கு முன்பு, அவருடைய அனுமதியோடு, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பத்திரத்தில் பெயர் குறிப்பிடப்படாத ஓட்டுநரால் சேதம் என்றால், முழுக் காப்புறுதியிலும் வழக்கமாக 400 வெள்ளியை உரிமையாளர் தம் பங்காகக் கட்ட வேண்டிவரும். மோதினால் அந்த 400 வெள்ளியை யார் தருவது என்று முன்பே பேசிவிடுவது நல்லது.

ரோட் டெக்ஸ் காலாவதியாகிச் சும்மா நிறுத்தி வைத்திருந்த காடியா? இழுவை லோரியில் ஏற்றிவிடுங்கள். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். "பக்கத்துத் தாமான்தானே, ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்" என்பார்கள். பக்கத்துத் தாமானிலும் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள்.

பரிசோதனை முடிந்ததும் உங்கள் பெயரில் காப்புறுதி எடுங்கள். பெயர் மாற்றத்துக்காக எடுக்கிறேன் என்று முகவரிடம் சொன்னால் அவருக்குத் தெரியும். விவரம் மின்னியல் வழியாக ஜேபிஜேக்குப் போய்விடும். பழைய உரிமையாளருக்கு 55 விழுக்காடு கழிவு இருந்ததே, அது எனக்கும் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். ஐந்து வருடம் இழப்பீடு கேட்காமல் ஓட்டியவருக்குக் கிடைத்த கழிவு அது. மனிதருக்குச் சொந்தம், காடிக்கு அல்ல. முதன்முதலாகக் காடி வாங்குகிறவர் கழிவே இல்லாத முழுத் தொகையைத்தான் கட்ட வேண்டும். வாங்கும் பணத்தோடு இதையும் சேர்த்து எடுத்து வைக்காமல், கடைசி நேரத்தில் கையைப் பிசைகிறவர்கள் நிறையப் பேர்.

பிறகு இருவரும் மைகாட் எடுத்துக்கொண்டு ஜேபிஜே முகப்புக்குப் போய்க் கட்டைவிரல் ரேகை வையுங்கள். பெயர் மாறியது என்று உறுதியானதும் மீதிப் பணத்தைக் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டு, எத்தனை மைல் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போங்கள். ஆகவேதான் சொல்கிறேன், தூரத்து ஊரில் வாங்குவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காடியைப் பார்த்துவிட்டு முன்பணம் மட்டும் கொடுங்கள். ஒரு வேலை நாளில் விடுப்பு எடுத்துப் போய் வாங்குங்கள். ஒரு நாள் சம்பளம் போகும்தான். போகட்டும்.

இதுவரை வாங்குகிறவர் பக்கம் பேசினேன். விற்கிறவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது என்பது என் கருத்து. பெயர் மாறாத வரை கேமரா சம்மன் எல்லாம் அவர் வீட்டுக்குத்தான் வரும். அந்தக் காடியில் ஒரு குற்றச் செயல் நடந்தால் போலீஸ் முதலில் தட்டுவது அவர் கதவைத்தான். நம்மிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. "மச்சான்தானே", "நம்ம கோயில் கமிட்டி ஆளுதானே" என்று சாவியைக் கொடுத்துவிடுவோம். பெயர் மாற்றச் சொன்னால் உறவு கெட்டுவிடுமோ என்று தயங்குவோம். மூன்று வருடம் கழித்துச் சம்மன் வந்த பிறகு கெடுகிற உறவுதான் சரிசெய்ய முடியாமல் போகிறது.

இதில் மிகவும் மோசமானது 'சம்புங் பாயார்'. கடன் முடியாத காடியை, "மாதத் தவணையை நீங்க கட்டுங்க, காடியை நீங்க வச்சிக்குங்க" என்று கைமாற்றிவிடுவது. வாடகைக் கொள்முதலில் உள்ள காடி, கடன் தீரும் வரை வங்கியின் சொத்து. வங்கிக்குத் தெரியாமல் அதைக் கைமாற்றிவிட நமக்கு உரிமையே இல்லை, சட்டப்படி குற்றம். வாங்கியவர் நான்கு மாதம் கட்டிவிட்டுக் காணாமல் போனால், கடன் பதிவில் கெட்டுப்போவது விற்றவரின் பெயர். பிறகு வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி கையை விரித்துவிடும். மறுபக்கம், வாங்கியவர் ஒழுங்காகக் கட்டினாலும் அவருக்கு அந்தக் காடியின் ஒரு டயர்கூடச் சொந்தமில்லை. வங்கி இழுத்துக்கொண்டு போனால் கேட்க நாதியில்லை. நம் இளைஞர்கள் பலர் குறைந்த முன்பணத்துக்கு ஆசைப்பட்டு இதில் விழுகிறார்கள். பெற்றோர்கள் இந்த ஒன்றையாவது பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: "இந்தக் காடி யார் பேர்ல இருக்கு?"

இறந்துபோன அப்பாவின் காடியை வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் முதலில் அது முறைப்படி வாரிசின் பெயருக்கு வர வேண்டும். அதற்கு அமானா ராயா அல்லது நீதிமன்றம் போன்ற இடங்களின் உத்தரவு தேவைப்படும். அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லங்காவியில் காடி மலிவு என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வரி கட்டாத தீவுக் காடியை நிரந்தரமாக இந்தப் பக்கம் கொண்டுவர, சுங்கத்துறைக்கு வரி கட்டியாக வேண்டும்.

நேரம் முடிகிறது என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கை காட்டுகிறார். ஒன்றே ஒன்று. பெயர் மாறிய அன்றே, விற்றவர் தம் பழைய காப்புறுதியை ரத்து செய்து மீதிப் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடியில் டோல் கட்டணத்துக்கான ஆர்எஃப்ஐடி ஒட்டுவில்லை இருந்தால், அதைத் தம் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால், வாங்கியவர் சுங்கை சிப்புட்டிலிருந்து கிள்ளான் வரை வந்த டோல் காசு, விற்றவர் கணக்கிலிருந்துதான் கழியும்.