புற்றுநோய் வந்த சகோதரிக்கு நம் குழு என்ன செய்யலாம்?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன வருஷம் நம்ம குழு ஒன்றில் ஒரு அக்கா தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரவில்லை. தீர்மான நோட்டில் அபராதம் எழுதினோம். களப்பணியாளர்களான நாங்களும் விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டோம். பிறகுதான் தெரிந்தது, அவர் மார்பில் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து கீமோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். "நோயைத் தாங்கிக்கலாம் மேடம், இந்த டம்ளரைப் பார்த்தாத்தான் அழுகை வருது" என்றார்.

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. அபராதத்தை அடித்துவிட்டு, அடுத்த கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையிலேயே போட்டோம். எல்லோரும் அந்த வீட்டு டம்ளரில்தான் டீ குடித்தோம்.

கீமோ நேரத்தில் வாய்ப்புண் வரும், சாப்பாடு இறங்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சமையல் சோடா கலந்து நாலைந்து முறை கொப்பளிக்கணும். காரமில்லாத இட்லி, பருப்பு சாதம், நல்லா வெந்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அசதி என்று படுத்தே கிடந்தால் அசதி கூடத்தான் செய்யும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாயங்காலம் தெருமுனை வரை கூட்டிப் போங்கள். பயத்தில் தூக்கம் வராதவருக்கு மெதுவாக மூச்சை இழுத்து விடும் பயிற்சி நல்லது. அக்குளில் நெறிகட்டி எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கலாம். ஆஸ்பத்திரியில் சொல்லித் தரும் கைப்பயிற்சியை விடக்கூடாது. அந்த அக்காவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கியது பக்கத்து வீட்டு உறுப்பினர்தான்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லணும். யாரோ கொடுத்த லேகியம், பொடி எதையும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிட வேண்டாம். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையையே கெடுத்துவிடும். கீமோ போட்ட பிறகு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆனால் கூடப் போக ஆள் வேண்டுமே! அந்தக் குழு உள்கடன் தவணையை ஆறு மாசம் தள்ளிவைத்தது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக முறை வைத்துக்கொண்டது.

அக்காவுக்கு முடி முளைத்துவிட்டது. அடுத்த செக்கப் வரும் செவ்வாய்க்கிழமை. கூடப் போவது யார் முறை என்று கூட்டம் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.