அந்த டேஷ்போர்டை வெட்டாதீர்கள்



ஒன்டாரியோவில் பனி விலகி, சாலையில் கொட்டிய உப்பை மழை கழுவிய பிறகுதான் பழைய பிக்கப் வண்டிகள் வெளியே தலைகாட்டும். உப்பு பட்டால் தகரம் அரித்துவிடும் என்று, சொந்தக்காரர்கள் அதுவரை அவற்றைக் கொட்டகையில் மூடி வைத்திருப்பார்கள். வெளியே எடுத்ததும் எஞ்சினைப் பார்ப்பார்கள், பிரேக்கைப் பார்ப்பார்கள். அடுத்து எங்கள் பட்டறைக்குப் போன் வரும். "வண்டி நன்றாக ஓடுகிறது. பாட்டுதான் கேட்க முடியவில்லை. என்ன செய்யலாம்?"

வாகனங்களுக்கு ஒலி அமைப்பு பொருத்துவது என் தொழில். புது வண்டிகளும் வருகின்றன, பழையவையும் வருகின்றன. பழைய பிக்கப் வந்து நின்றால் மற்ற வேலைகளைச் சீக்கிரம் முடித்துவிட்டு அதனிடம் போய்விடுவேன். அந்த வண்டிகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு வண்டியை மனதில் வைத்துக்கொள்வோம். 1962-ம் ஆண்டு செவர்லே சி-10. சி-10 என்ற பெயரே 1960-ல்தான் வந்தது. அரை டன் வகை. பண்ணைக்கும் கட்டட வேலைக்கும் ஓடுவதற்கென்றே செய்தது. உள்ளே ஒரே நீள இருக்கை. தரையில் ரப்பர் விரிப்பு. டேஷ்போர்டு முழுக்கப் பெயின்ட் அடித்த இரும்புத் தகடு. ரேடியோவைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்காதவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு மூடித் தகடு மட்டும் இருக்கும்.

வாங்கியவர்களுக்குக் கிடைத்தது ஏ.எம். அலைவரிசை மட்டும் பிடிக்கும் ரேடியோ. இரண்டு குமிழ், நடுவில் எண் பலகை, ஒரே ஒரு ஸ்பீக்கர். இன்றைய காதுக்கு அது போதாது. ஆனால் நேயர்களே, அதைக் கழற்றித் தூர வைப்பதற்கு முன் அந்த எண் பலகையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 640 என்ற இடத்திலும் 1240 என்ற இடத்திலும் ஒவ்வொரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். அலங்காரத்துக்குப் போட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தின் குறி அது.

கோனெல்ராட் என்று ஒரு ஏற்பாடு 1951-ல் அமெரிக்காவில் தொடங்கியது. குண்டு வீச வரும் எதிரி விமானம், ஊரில் ஒலிபரப்பாகும் வானொலி நிலையத்தின் அலையைப் பிடித்துக்கொண்டே அந்த ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதைத் தடுக்கத்தான் இது. அபாய அறிவிப்பு வந்ததும் நிலையங்கள் தங்கள் வழக்கமான அலைவரிசையை நிறுத்திவிட வேண்டும். மக்களுக்கான செய்தி 640, 1240 கிலோஹெர்ட்ஸில் மட்டும், நிலையம் மாற்றி நிலையமாக வரும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று விமானத்துக்குப் பிடிபடாது. எங்கே திருப்ப வேண்டும் என்று மக்களுக்குத் தெரிவதற்காக, அங்கே விற்கும் ரேடியோக்களில் இந்த இரண்டு குறியும் கட்டாயம் ஆனது. 1963-ல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். கியூபா ஏவுகணை நெருக்கடி 1962 அக்டோபரில் வந்தபோது, இந்த மாதிரி ஒரு பிக்கப்பில் உட்கார்ந்து செய்தி கேட்ட விவசாயியின் கண் எதிரே அந்த இரண்டு முக்கோணமும் இருந்திருக்கும். இதை எப்படி நாம் கழற்றிக் குப்பையில் போடுவது?

செவர்லே உட்பட ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் ரேடியோக்கள் டெல்கோ என்ற அதன் சொந்தப் பிரிவிலிருந்து வந்தன. இண்டியானாவில் கோகோமோ என்ற ஊரில் அதன் தொழிற்சாலை. அந்தக் காலத்து கார் ரேடியோவைத் திறந்து பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்காத வேலை. வீட்டு ரேடியோக்களில் நிலையம் மாற்றும்போது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மெல்லிய தகடுகள் இருக்கும். குண்டும் குழியுமான சாலையில் அந்தத் தகடுகள் அதிர்ந்தால் நிலையம் நழுவும். அதனால் கார் ரேடியோவில் வேறு வழி பிடித்தார்கள். கம்பிச் சுருள்களுக்குள் சிறு உருளைகளை உள்ளே வெளியே நகர்த்தி நிலையத்தைப் பிடிப்பது. குமிழைத் திருப்பினால் அந்த உருளைகள் எல்லாம் ஒரே சட்டத்தில் சேர்ந்து மெல்ல நகர்வதைப் பார்க்கலாம். அறுபது வருடம் ஆகியும் மசகு மட்டும் மாற்றினால் பட்டுப்போல ஓடுகிறது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், எங்களிடம் வருகிற பழைய பிக்கப்களில் பலவற்றில் இந்த ரேடியோ இருக்காது. அது இருந்த இடத்தில் ஓர் ஓட்டை இருக்கும். கேசட் பிளேயர் காலம் செய்த வேலை அது. கேசட் பிளேயருக்கு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று ஓர் அளவு நிலைத்துவிட்டது. பழைய டேஷ்போர்டின் திறப்போ வேறு வடிவம். ரம்பத்தை எடுத்து இரும்பை வெட்டிவிட்டார்கள். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி.யும் போய்விட்டது. வெட்டிய இடம் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் அப்படி ஒரு சி-10 கொண்டுவந்தார். ஓஹாயோவில் அவருடைய மாமனார் பண்ணையில் ஓடிய வண்டி. டேஷ்போர்டில் கோணலாக வெட்டிய ஓட்டை. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் சட்டம். கேட்டதும் நான் தயங்காமல் சொன்னேன்: முதல் செலவு ஒலிக்கு வேண்டாம், தகரத்துக்குச் செய்யுங்கள். கழிவு வண்டி ஒன்றிலிருந்து டேஷ்போர்டின் நடுப்பகுதியை மட்டும் அறுத்து எடுத்து, ஓரத்தை ஓரத்தோடு பொருத்தி வெல்டிங் செய்தார் எங்களுக்குத் தெரிந்த டிங்கர். பற்றவைத்த இடம் சூட்டில் நெளியாமல் இருக்க, ஒரு புள்ளி வைத்துவிட்டு ஆறவிடுவார், தூரத்தில் இன்னொரு புள்ளி வைப்பார். மத்தியானம் முழுவதும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெயின்ட் அடித்து முடித்தபோது அந்த ஆசிரியர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இணைப்பு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு பழைய ரேடியோ ஒன்றைத் தேடிப் பிடித்தோம். இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, வெளிக்கூடு, குமிழ், எண் பலகை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் எஃப்.எம்., புளூடூத் வசதியுள்ள புதுச் சர்க்யூட்டை வைப்பது. மற்றது, பழைய ரேடியோவைப் பழுது பார்த்து அது பாட்டுக்கு ஏ.எம். பாட விட்டுவிட்டு, புதிய ஆம்ப்ளிஃபயரையும் புளூடூத் பெட்டியையும் கண்ணில் படாத இடத்தில் தனியாக வைப்பது. பழைய ரேடியோ ஓடும் நிலையில் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எந்த வேலையானாலும் அடுத்த தலைமுறை கழற்றி எடுத்தால் வண்டி பழையபடி இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய டெல்கோவுக்குக் கடையில் கிடைக்கும் 4 ஓம் ஸ்பீக்கரை நேராக மாட்டாதீர்கள். டிரான்சிஸ்டர் வைத்த அந்த ரேடியோக்கள் 10 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்தவை. நான்கு ஓம் மாட்டினால் மின்னோட்டம் கூடி வெளியீட்டு டிரான்சிஸ்டர் சுட்டுவிடும்.

உங்களிடம் இதைவிடப் பழைய வண்டி இருந்தால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். செவர்லே பிக்கப்கள் 1955-ல்தான் 12 வோல்ட்டுக்கு மாறின, ஃபோர்டு 1956-ல். அதற்கு முன் 6 வோல்ட். பழைய ஃபோர்டில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இன்றைய எந்தக் கருவியையும் அதில் அப்படியே இணைக்கக் கூடாது.

சரி, இப்போது இரைச்சலுக்கு வருவோம். பாட்டுக்குப் பின்னால் எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு ஊளை, கூடவே டக்டக்கென்று ஒரு கரகரப்பு. ஒருவர் இதற்காக ஆம்ப்ளிஃபயரை மாற்றினார், வயரை மாற்றினார், விலை உயர்ந்த ஃபில்டர் வாங்கினார். சத்தம் போகவில்லை. வண்டி எங்களிடம் வந்ததும் நான் முதலில் கீழே படுத்து எர்த்தைப் பார்த்தேன். பிக்கப்பின் கேபின் சட்டத்தின் மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினும் ரப்பரில்தான். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினையும் கேபினையும் இணைக்கும் பின்னல் கம்பி, அறுபது வருடத் துருவில் எப்போதோ அறுந்து போயிருந்தது. கேபினில் பொருத்திய கருவிகளின் மின்னோட்டம் கிடைத்த சந்து பொந்தெல்லாம் புகுந்து திரும்பிக்கொண்டிருந்தது. தகரத்தைப் பெயின்ட் போகச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த இடத்தில் புதிய பின்னல் கம்பியை இறுக்கினோம். எஞ்சினிலிருந்து கேபினுக்கு ஒன்று, கேபினிலிருந்து சட்டத்துக்கு ஒன்று. ஊளை நின்றுவிட்டது. வாங்கி வைத்த ஃபில்டரை அவர் கடையில் திருப்பிக் கொடுத்தார்.

டக்டக் சத்தம் வேறு கதை. ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கும் ஒவ்வொரு முறையும் அதுவே ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி அலை பரப்புகிறது. ஏ.எம். ரேடியோ அதை அப்படியே பிடித்துக் கொடுக்கும். செம்புக் கம்பி உள்ள பிளக் வயரை மாற்றி, கார்பன் இழை உள்ள வயரைப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். சி-10-க்கு 1962-ல் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். இரைச்சலை அடக்க அதில் கண்டென்சர் மாட்டும்போது 'ஏ' என்று குறித்த முனையில் மாட்டுங்கள். 'எஃப்' முனையில் மாட்டினால் ரெகுலேட்டரின் தொடுமுனைகள் கருகிவிடும். இதைச் செய்கிறவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த டைனமோ வண்டி சும்மா நிற்கும்போது மிகக் குறைவாகத்தான் மின்சாரம் தரும். நான்கு சேனல், சேனலுக்கு 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 18 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட்டும் ஹீட்டரும் அதோடு சேர்ந்தால் பேட்டரி தாங்காது. நிறையப் பேர் ஆல்டர்னேட்டருக்கு மாறிவிடுகிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரில் ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒன்றரை அடிக்குள் வையுங்கள். தகரத்தில் துளை போட்டு வயரை நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். தகர விளிம்பு வயரைத் தேய்த்தால் தீப்பிடிக்கும்.

இந்தத் தீ விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஏனென்றால் இந்த சி-10-இல் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? கேபினுக்குள், இருக்கையின் முதுகுக்குப் பின்னால். ஸ்பீக்கர் பெட்டி வைக்க அந்த இடம் வாட்டமாகத் தெரியும். அங்கே துளை போடக் கூடாது, திருகு போடக் கூடாது, வயர் கொண்டுபோகக் கூடாது. ஒரு பையன் இருக்கைக்குப் பின்னால் ஸ்பீக்கர் மாட்ட டிரில்லைக் கையில் எடுத்துவிட்டு, எதற்கும் கேட்டுவிடலாம் என்று எனக்குப் போன் செய்தான். கேட்டதே பெரிய விஷயம், தம்பி. வைத்துவிடு என்று சொன்னேன்.

நேரம் ஓடிவிட்டது. ஸ்பீக்கர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்குவதற்கு முன் கதவை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் பாட்டோடு சேர்ந்து அதுவும் பாடும். பியூட்டைல் ரப்பர் தகட்டைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். முழுவதும் மூட வேண்டியதில்லை; கால் பங்கு பரப்பில் ஒட்டினாலே அதிர்வு பெரிதும் அடங்கும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். முக்கிய ஸ்பீக்கர்களைக் கால் வைக்கும் இடத்தின் இரு பக்கச் சுவரில், சின்னப் பெட்டிகளில் வைக்கலாம். கேபினில் எதையும் வெட்ட வேண்டியிருக்காது. அடித்தொனிக்கு இருக்கைக்கு அடியில் எட்டு அங்குலத் தட்டைச் சப்வூஃபர் போதும். டேஷ்போர்டில் ஒரே ஸ்பீக்கருக்குத்தான் இடம் என்றால் இரண்டு காயில் உள்ள ஸ்பீக்கர் கிடைக்கிறது. இடது வலது இரண்டையும் ஒரே கூம்பு பாடும்.

அந்த ஆசிரியரின் வண்டியில் இப்போது பழைய ரேடியோ ஏ.எம். பாடுகிறது, புளூடூத்தில் அவருடைய பேத்தி தனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்கிறாள். இந்தக் கோடையில் பழைய பிக்கப் எடுக்கப்போகும் நேயர்கள் எர்த்தை முதலில் பாருங்கள், டேங்கை மறக்காதீர்கள், ரம்பத்தைத் தொடாதீர்கள். 640-க்கும் 1240-க்கும் குறி போட்ட ஒரு ரேடியோ உங்கள் வண்டியில் இருந்தால், பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே அந்த உருளைகள் நகர்வதை உங்களுக்குத் திறந்து காட்டுகிறேன்.