பாட்டுக்கு உரியவர் பங்கு

(சுள்ளிக்கல்லில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாச் செலவுக்கு நிதி திரட்டும் வழிகளை ஆராய்ந்தபோது, ஆயிரம் பழைய திரைப்பாடல்களைப் பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, வீட்டுக்கு ஒன்றாக விற்கலாம் என்றொரு கருத்து நம்மிடையே எழுந்தது. நல்லெண்ணத்தில் பிறந்த கருத்துத்தான். மலையாள நாட்டில் வளரும் நம் பிள்ளைகளின் செவியில் தமிழ் விழவேண்டும் என்னும் ஆவலை யார் குறை கூற முடியும்? எனினும், அப்பாடல்களை ஆக்கியோர்க்கு அவ்விற்பனையில் ஒரு காசேனும் சேருமா என்று ஓர் இளைஞர் வினவினார். அவ்வினாவை ஒட்டியே இவ்வுரை.

வழக்கம் புதிதன்று. 1980-களில் வெற்று ஒலிநாடா ஒன்றையும் பாடற் பட்டியலையும் கடைக்காரரிடம் கொடுத்தால், இரண்டொரு நாளில் விரும்பிய பாடல்கள் பதிவாகிக் கைக்கு வந்துவிடும். அறுபது நிமிட நாடாவா, தொண்ணூறு நிமிட நாடாவா என்பதே அந்நாளில் வீட்டுக்கு வீடு நடந்த பெரிய ஆராய்ச்சி! நாடா செய்தவருக்கு விலை கிடைத்தது. பதிந்து தந்தவருக்குக் கூலி கிடைத்தது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பாடியவருக்குந்தான் ஒன்றும் இல்லை. பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை அடக்கிய குறுந்தகடு வந்தது. இன்று கைப்பேசியில் விரல் பட்டால் போதும். கருவி மாறிற்று, கணக்கில் விடுபட்டோர் மாறவில்லை.

“பாட்டு காற்றைப் போன்றது, காற்றுக்கு விலையுண்டோ?” என்பார் உளர். வானொலியில் நாம் காசின்றித்தானே கேட்கிறோம் என்றும் சொல்வர். உண்மை. ஆனால் நாம் கொடுக்காத காசை நிலையத்தார் உரிமைத் தொகையாகக் கொடுக்கின்றனர். ஆகவே காசின்றிக் கேட்பது பிழையன்று. ஆக்கியவரைக் கணக்கினின்று விலக்கிவிட்டுக் கேட்பதே பிழை. ஃபோர்ட் கொச்சி வேளியில் நம் தமிழ்ச் சலவைத் தொழிலாளரின் துறையைக் காணாதவர் இங்கு இரார். பல வீட்டுத் துணிகளும் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. ஆனால் எத்துணி எவருடையது என்பதைத் தம் குறியால் அறிந்து உரியவரிடம் சேர்ப்பதன்றோ அத்தொழிலின் நாணயம்?

பாட்டைப் பொதுவாக்கவே கூடாதென்பது நம் கருத்தன்று. பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஒரு வணிகர் கைக்குப் போய், பின்பு ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. 1948-இல் வெளிவந்த ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றதன் பொருட்டு, டி.கே.எஸ். சகோதரர் மீது வழக்கும் மூண்டது. பாரதி பாடலை நாட்டுக்கே உரிமையாக்குக என்ற குரல் ஓங்கிற்று. 1949-இல் சென்னை அரசு அவ்வுரிமையை ஏற்றது. செட்டியார் விலை பெறாமலே ஒப்படைத்தார். கவிஞரின் துணைவியார் செல்லம்மாளுக்கும் மக்களுக்கும் அரசு பொருள் அளித்தது. பின்னர் அனைவர்க்கும் பொதுவாயிற்று. நாம் கூச்சமின்றிப் பாரதியைப் பாடுகிறோமெனில், உரியவரை நினைந்த பின்பே அது பொதுவாக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது.

திரைப்பாடலின் கதை வேறு. 1977-இல் உச்ச நீதிமன்றம், கூலிக்கு இசையமைத்துக் கொடுத்தவரின் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லையெனில், படத் தயாரிப்பாளரையே சேரும் என்று தீர்ப்பளித்தது. அவ்வமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், 2014-இல் இக்கொச்சி மண்ணிலேயே மறைந்தவர், தீர்ப்போடு ஒரு குறிப்பையும் சேர்த்தார். பாடுவோரின் குரலுக்குச் சட்டத்தில் காப்பில்லையே என்று அதில் வருந்தினார். 1994-இல் திருத்தம் வந்து, நிகழ்த்துவோர்க்கும் உரிமை கிட்டிற்று. 2012-ஆம் ஆண்டுத் திருத்தமோ, எழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குரிய பங்கை எழுதிக் கொடுத்து இழந்துவிட இயலாதவாறு காத்தது. ஒரு நீதிபதியின் அடிக்குறிப்பு சட்டமாக எத்தனை ஆண்டு பிடித்தது, பாருங்கள்! அதற்குள் எத்தனை பாடகர் ஏழ்மையிலேயே மறைந்தனர்! நம் பக்கத்துக் கலியாண வீடுகளையெல்லாம் பாடி மகிழ்வித்த மெஹ்பூப் 1981-இல் மறைந்தார். அவர் பெயரைச் சொன்னால் இன்றும் மட்டாஞ்சேரி முதியோர் கண் கலங்குகின்றனர். வாழ்ந்த காலத்தில் அவர் கண்டது வறுமையே.

“பழைய பாடல்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?” என்கிறார் ஒரு நண்பர். ஒலிப்பதிவுக்குக் காப்பு, வெளியான ஆண்டின் பின் 60 ஆண்டு. பாடலின் சொல்லுக்கு, ஆசிரியர் மறைந்த ஆண்டின் பின் 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-இல். அவர் சொல்லுக்குரிய காப்பு 2041 முடியும்வரை உண்டு. விற்பவரைத் தேடும் சட்டம், வீட்டில் அமர்ந்து கேட்பவரை நாடி வருவது அரிது. அதனாலேயே கேட்பவர் பொறுப்பைக் கேட்பவரேதான் ஏற்க வேண்டியிருக்கிறது. தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்து மிளகும் ஏலமும் விற்று வாழ்ந்த கடைவீதிக்கு அண்டையில் குடியிருப்போர் நாம்; அளவு குறைந்தால் சண்டைக்குப் போகிறவர்கள்.

சட்டம் கடுமை மட்டும் காட்டவில்லை. கலியாணத்துக்கும் வழிபாட்டுக்கும் அது விலக்களித்துள்ளது. தொழில்முறையில் அல்லாத மன்றத்தார், கட்டணமின்றி வருவோர்முன் பாடுவதற்கும் இடம் தந்துள்ளது. ஆகவே, பென்டிரைவ் விற்பனையைக் கைவிட்டு, நம் பிள்ளைகளையே மேடையேற்றிப் பாடச் செய்யலாமெனச் செயற்குழு இசைந்துள்ளது. நுழைவுக் கட்டணம் இல்லை. நிதிக்குத் தாய்மார்கள் முறுக்கும் அதிரசமும் செய்து தர முன்வந்திருக்கின்றனர். ஒவ்வொரு பாடலுக்கு முன்னும் அதை எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் பெயர்களை அறிவிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். பெயர்ப் பட்டியலைத் திரட்டும் பொறுப்பை, அன்று அவ்வினாவை எழுப்பிய இளைஞரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.