பழைய விண்டோஸை நீக்கும் முன்



விண்டோஸை மேம்படுத்தியதும் 'சி' டிரைவ் நிரம்பிவிட்டதே, என்ன செய்வது என்று பலர் என்னிடம் கேட்கிறீர்கள். அங்கே 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறை இருக்கும். முந்தைய பதிப்பு அதில்தான் உள்ளது. பல ஜிபி இடத்தைப் பிடிக்கும். வழக்கமாக 10 நாட்களில் விண்டோஸே அதை நீக்கிவிடும்.

உடனே இடம் வேண்டுமென்றாலும், முதலில் அதிலுள்ள 'யூசர்ஸ்' கோப்புறையைத் திறந்து பாருங்கள் என்பேன். மாணவர்களின் படைப்புகளோ மதிப்பெண் பட்டியலோ இருந்தால் பென் டிரைவில் நகலெடுங்கள். அழித்தபின் பழைய பதிப்புக்குத் திரும்ப இயலாது.

டெலீட் விசையை அழுத்தினால் அனுமதி மறுக்கப்படலாம். அவை பாதுகாக்கப்பட்ட கோப்புகள். அந்தப் பாதுகாப்பை உடைக்க முயல வேண்டாம். 'டிஸ்க் கிளீனப்' திறந்து, 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்தி, 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். இடமும் கிடைக்கும், பிள்ளைகளின் உழைப்பும் தப்பும்.